கைபேசியில் ஒரு சாப்பாட்டுக் கணக்கு

(வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கைபேசிச் செயலியால் நம் சாப்பாடு சீர்படுமா?' என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீர்படும். ஆனால் அதைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதனிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கைபேசியில் இரண்டு வகைச் செயலிகள் இருக்கும். ஒன்று, இரவு பத்து மணிக்கு 'பசிக்கிறதா?' என்று கேட்டு, அரை மணி நேரத்தில் பிரியாணியை வாசலில் கொண்டுவந்து வைக்கும். மற்றொன்று, அந்தப் பிரியாணியில் எத்தனை கலோரி என்று மறுநாள் காலையில் கணக்குச் சொல்லும். முதல் செயலிக்கு நாம் சாப்பிடச் சாப்பிட வருமானம். இரண்டாவது செயலிக்கு, நாம் சந்தா கட்டிக்கொண்டே இருந்தால் வருமானம். இரண்டுமே வியாபாரம்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நம் நலனும் அவர்கள் வருமானமும் எங்கே சேர்ந்து போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் செயலிகள் காட்டும் எண்கள் எங்கிருந்து வந்தன? பெங்களூரில் 2012-இல் தொடங்கிய ஹெல்திஃபைமீ, அமெரிக்காவில் 2005-இல் தொடங்கிய மைஃபிட்னஸ்பால் போன்றவற்றின் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்தச் செயலியானாலும் அடியில் ஒரு பட்டியல் இருக்கிறது: இன்ன உணவில் இவ்வளவு மாவுச்சத்து, இவ்வளவு புரதம், இவ்வளவு கொழுப்பு என்று. ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் நான்கு கலோரி, கொழுப்புக்கு ஒன்பது கலோரி என்ற வாய்பாடு 1890-களில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியல் அறிஞர் உருவாக்கியது. ஓர் அறைக்குள் மனிதர்களை நாள்கணக்கில் தங்கவைத்து, அவர்கள் உண்ட உணவையும் உடல் வெளியிட்ட வெப்பத்தையும் அளந்தவர் அவர். நூற்றுக்கு மேல் ஆண்டுகள் கழிந்தும் உங்கள் கைபேசி அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டு உணவுகளுக்கான பட்டியல் பிறந்த கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது, நீலகிரியில், குன்னூரில். அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களை வாட்டிய நோய் அது. பின்னர் அவர் இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்றிருந்த சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் முதலிடத்தில் நின்றன. அரிசியே பெரும்பங்காக இருந்த சென்னை மாகாணத்துச் சாப்பாட்டைத் தின்றவை கடைசி இடத்துக்குப் போயின. நம் தட்டைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட ஓர் அறிவியல் தீர்ப்பு அது.

அதே குன்னூரிலிருந்து 1937-இல் ஆக்ராய்ட் என்பவர் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அந்தக் குன்னூர் ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறியது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அந்த நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, மாதிரிகள் திரட்டி, ஆய்வகத்தில் அளந்து போட்ட கணக்கு அது. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் சாமையும் அதில் உண்டு.

ஏன் இவ்வளவு பழங்கதை என்று கேட்பீர்கள். ஒரு செயலியை இறக்கியதும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதில் இருக்கிறது: 'உன் எண் யார் அளந்தது?' பல செயலிகளில் பயனாளர்களே உணவுகளைச் சேர்க்கலாம். அப்படிச் சேர்ந்தவற்றில் 'இட்லி' என்று தேடினால் பல இட்லிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலோரி. எது யார் வீட்டு இட்லி, எவ்வளவு பெரியது என்பதற்கு விடை கிடையாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையை அடிப்படையாகக் கொண்டதாகச் சொல்லும் செயலியை முதலில் நம்பலாம். மற்றவற்றின் எண்களை ஏறத்தாழ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்கெழுதுவதால் பயன் உண்டா? உண்டு, ஆதாரமும் இருக்கிறது. 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 'நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை மட்டும் குறையவில்லை' என்றவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் சொன்ன உணவையும் உண்மையில் உண்ட உணவையும் ஒப்பிட்டார்கள். சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள். செய்த உடலுழைப்பையோ 51 விழுக்காடு கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டது, அலுவலகத்தில் யாரோ நீட்டிய முறுக்கு, இவையெல்லாம் நினைவில் தங்குவதில்லை. எழுதினால்தான் கண்ணில் படும்.

2008-இல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வு ஏறத்தாழ 1,700 பேரைப் பின்தொடர்ந்தது. தினமும் உண்டதை எழுதியவர்கள், எழுதாதவர்களைப் போல் இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். அன்று எழுத நோட்டும் பேனாவும் போதுமானதாக இருந்தது. இன்று அந்த வேலையைக் கைபேசி எளிதாக்கியிருக்கிறது, அவ்வளவே. நல்ல கணக்குப்பிள்ளை வரவு செலவைச் சரியாக எழுதிக் காட்டுவார். கடையை எப்படி நடத்துவது என்பது முதலாளியின் முடிவு. செயலிக்கும் அந்த இடம்தான் பொருத்தம்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

செயலி 'ஒரு கப் அரிசி' என்று கேட்கும். அரிசியா, சோறா? நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அதுவே வெந்து சோறானால் நீரைக் குடித்து இரண்டரை, மூன்று மடங்கு எடை ஏறும்; நூறு கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான். இந்த ஓர் இடத்தில் தவறினால் அன்றைய கணக்கே தலைகீழாகிவிடும். எனவே முதல் வேலை: உங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டியால் ஒரு கரண்டி சோற்றை எடுத்து, ஒரு சமையல் தராசில் ஒரே ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கரண்டிக் கணக்கே போதும்.

அடுத்தது குழம்பு. செயலியில் 'சாம்பார், ஒரு கிண்ணம்' என்றிருக்கும். உங்கள் வீட்டுச் சாம்பாரில் நாலு பேருக்கு ஒரு கைப்பிடிப் பருப்பா, கால் கிலோ பருப்பா? அதை அது எப்படி அறியும்? இப்போது தட்டைப் படம் பிடித்தாலே கணக்குச் சொல்கிற வசதியும் வந்துவிட்டது. படத்தில் தெரிவது தட்டின் மேல்புறம் மட்டும். கத்தரிக்காய் பொரியலுக்குள் இறங்கிய எண்ணெய் எந்தப் படத்திலும் விழாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 40 கலோரி. வதக்கலுக்கு ஊற்றும்போது கை சற்றுத் தாராளமாகப் போனால் செயலியின் கணக்கு பொய்த்துப் போகும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தச் செயலிகள் தனி மனிதரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஒருவர், ஒரு தட்டு, ஒரு பொட்டலம் என்பது அவற்றின் கணக்கு. நம் வீடுகளில் பொதுப் பாத்திரம். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு உட்காரும் பெண்ணுக்கு எந்தச் செயலி அளவு சொல்லும்? வீட்டில் எதை எவ்வளவு சாப்பிடுவது என்பது தட்டில் முடிவாவதில்லை. மளிகைக் கடையிலும் அடுப்புக்கு முன்னாலும் முடிவாகிவிடுகிறது. அதனால் என் யோசனை, உண்பதைக் கணக்கெடுக்கும் முன் வாங்குவதைக் கணக்கெடுங்கள்.

எப்படி என்று பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் நாலு லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு ஒரு லிட்டர். நாளுக்கு 33 மில்லி, அதாவது சுமார் 30 கிராம். இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட நூலில், 2,000 கலோரி உண்பவருக்குச் சொல்லப்பட்ட எண்ணெய், கொழுப்பின் அளவு 27 கிராம். பரவாயில்லை, கிட்டத்தில்தான் இருக்கிறீர்கள். ஆனால் அதே வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை வெளியிலிருந்து பரோட்டாவும் பிரியாணியும் வந்தால் கதை மாறும்.

உப்பு? மாதம் ஒரு கிலோ பாக்கெட் தீர்ந்தால் தலைக்கு நாளுக்கு எட்டு கிராமுக்கு மேல். அரிசி வடித்த தண்ணீரில் கொஞ்சம் போனதாகக் கழித்துக்கொண்டாலும், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து கிராமைத் தாண்டும். ஊறுகாயும் அப்பளமும் தனி. உப்பு விஷயத்தில் எந்தச் செயலியும் நம்பகமாகக் கணக்குச் சொல்வதில்லை. கொதிக்கிற குழம்பில் எவ்வளவு போட்டீர்கள் என்பதை நீங்களே அளப்பதில்லையே! மளிகைக் கணக்குத்தான் இங்கே கைகொடுக்கும்.

சர்க்கரை? மாதம் மூன்று கிலோ என்றால் தலைக்கு நாளுக்கு 25 கிராம். சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், ஐந்துக்குக் கீழ் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரிக்கு ஐந்து விழுக்காடு என்பது 25 கிராம். அளவாகத்தான் இருக்கிறது என்று மகிழலாம். ஆனால் வீட்டில் ஒருவர் மட்டும் வெளியே நாளுக்கு மூன்று டீ குடிக்கிறார். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. ஒரு கரண்டி ஐந்து கிராம் என்றால் அங்கேயே 30 கிராம் ஆகிவிடுகிறது. வீட்டுக் கணக்கில் வராத இந்தத் தனிக் கணக்கைப் பிடிப்பதற்குத்தான் அவரவர் கைபேசி வேண்டும்.

அப்படியானால் செயலியில் எதைப் பார்ப்பது? திறந்ததும் பெரிய எழுத்தில் கலோரிதான் தெரியும். அதை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023-இல் சொன்னது. அதே ஆய்வின் தொடர்ச்சி 2025-இல் வந்தபோது, இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று காட்டியது. நம் சிக்கல் பெரும்பாலும் அளவைக் காட்டிலும் கலவையில்தான் இருக்கிறது. ஆக, பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: புரதம், காய்கறி.

புரதத்துக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பரிந்துரை, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம். காலையில் இட்லி, மதியம் சோறும் ரசமும், இரவு தோசை என்று ஒரு நாளைப் பதிவு செய்து பாருங்கள். எங்கே குறைகிறது என்று செயலி உடனே காட்டிக்கொடுக்கும். அதைச் சரிசெய்யப் புரதப் பொடி டப்பா வாங்க வேண்டியதில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம்; நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், சாம்பாரில் இன்னொரு கைப்பிடிப் பருப்பு, மீன் வாங்குகிற வீட்டில் ஒரு துண்டு மீன். இவை போதும்.

காய்கறிக்கு 2024 வழிகாட்டி சொல்லும் அளவு நாளுக்கு 400 கிராம், கீரையையும் சேர்த்து. ஹோட்டல் சாப்பாட்டில் ஓரமாக வைக்கும் இரண்டு கரண்டிப் பொரியலை நிறுத்துப் பாருங்கள். அந்த அளவில் எவ்வளவு சிறிய பங்கு என்று தெரியும். செயலி உங்களுக்குக் காட்டக்கூடிய மிகப் பெரிய உண்மை இதுவாக இருக்கலாம்.

பொட்டல உணவுக்கு வேறு வகைச் செயலிகள் உண்டு. பிரான்சில் 2012-இல் தொடங்கிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ், பொதுமக்களே பொட்டலங்களின் விவரங்களைச் சேர்த்து வளர்க்கும் தரவுத் தொகுப்பு. 2017-இல் அங்கே வந்த யூக்கா, பொட்டலத்தின் பார்கோடைக் காட்டினால் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும். அதில் சத்துக்கு 60, சேர்மானங்களுக்கு 30, இயற்கை விளைபொருளா என்பதற்கு 10. கடைசிப் பத்துக்கும் சத்துக்கும் தொடர்பில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த மதிப்பெண்ணும் யாரோ முடிவு செய்த ஒரு வாய்பாட்டின் விடைதான். பச்சை நிறம் வந்துவிட்டால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று பொருளில்லை.

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகினால் செயலி இல்லாமலும் காரியம் நடக்கும். நூறு கிராமுக்கு எவ்வளவு என்ற வரிசையைப் பாருங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற வரிசையில் பிஸ்கட் நிறுவனம் இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டிருக்கும். உப்பு 'சோடியம்' என்ற பெயரில் இருக்கும். 2,000 மில்லிகிராம் சோடியம் என்றால் ஐந்து கிராம் உப்பு, ஒரு நாள் முழுவதற்குமான அளவு. சேர்த்த சர்க்கரையின் விழுக்காட்டை நம் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி 50 கிராமை அடிப்படையாக வைத்துப் போடுகிறார்கள். நீங்கள் 25 கிராமைக் குறியாக வைத்திருந்தால் அந்த விழுக்காட்டை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இனி எச்சரிக்கைகள்.

முதலாவது, ஆர்வம் சீக்கிரம் வடிந்துவிடும். கலிபோர்னியாவில் 212 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான சோதனையில், மருத்துவர் ஆலோசனையோடு செயலியையும் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஆறு மாத முடிவில் எடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. காரணம் எளிது: முதல் மாதத்துக்குப் பிறகு பெரும்பாலோர் அதைத் திறப்பதையே குறைத்துவிட்டார்கள். 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆலோசனையோடு உடலில் அணியும் கருவியும் பெற்றவர்கள் இரண்டு ஆண்டில் சராசரியாக மூன்றரை கிலோ குறைத்தார்கள். கருவி இல்லாமல் வழக்கமான ஆலோசனையைப் பின்பற்றியவர்கள் ஆறு கிலோ அளவுக்குக் குறைத்தார்கள். கருவி வாங்கியதாலேயே பழக்கம் வந்துவிடாது.

இரண்டாவது, சிலருக்கு இது தீங்கு. உணவுக் கோளாறு இருந்த 105 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கலோரி எண்ணும் செயலியைப் பயன்படுத்தியிருந்தார்கள்; அவர்களில் 73 விழுக்காட்டினர், தங்கள் நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதினார்கள். சாப்பிட்ட தட்டைப் பார்த்துக் குற்ற உணர்ச்சி கொள்கிறவர்கள், 'இன்றைக்கு அளவு முடிந்துவிட்டது' என்று பட்டினி கிடக்கிறவர்கள், வளரும் பிள்ளைகள், இவர்கள் கையில் கலோரி எண்ணும் செயலியைக் கொடுக்காதீர்கள். பதின்வயதுப் பெண்குழந்தை திடீரென்று ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் பார்த்தால், அதைக் கட்டுப்பாடு என்று பாராட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்காமல் செயலி சொன்னதை வைத்து உணவை மாற்றக் கூடாது.

மூன்றாவது, தகவல். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், எடை என்ன, எந்த நோய்க்கு மருந்து எடுக்கிறீர்கள் என்பதெல்லாம் அந்தரங்கம். 2018-இல் மைஃபிட்னஸ்பால் செயலியில் சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருட்டுப் போயின. நம் நாட்டில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் கொடுக்காத தகவலுக்குத்தான் முழுப் பாதுகாப்பு. தொடர்பு எண்கள், இருப்பிடம் ஆகியவற்றைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். சாப்பாட்டுக் கணக்கெழுத அவை தேவையில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு வழிமுறையைத் தராமல் இறங்குவது முறையாகாது. மூன்று வாரத் திட்டம் ஒன்றைச் சொல்கிறேன்.

முதல் வாரம், எதையும் மாற்றாதீர்கள். எப்போதும் போலச் சாப்பிட்டு, சாப்பிட்ட உடனே பதிவு செய்யுங்கள். நல்ல பெயர் வாங்குவதற்காக அந்த வாரம் மட்டும் கீரை வாங்கினால் கணக்கு பொய்யாகும். கல்யாண வீட்டுச் சாப்பாடு வந்தால் அதையும் எழுதுங்கள். வாரக் கடைசியில் புரதம் எவ்வளவு, காய்கறி எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது வாரம், ஒரே ஒன்றை மாற்றுங்கள். மூன்று டீயில் சர்க்கரையைப் பாதியாக்கலாம். மதியப் பொரியலை இரட்டிப்பாக்கிச் சோற்றில் ஒரு கரண்டி குறைக்கலாம். இந்த வாரம் கைபேசியின் வேறொரு வசதியையும் பயன்படுத்துங்கள். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் வாரக் காய்கறிப் பட்டியலைப் போட்டு, யார் வாங்குவது, யார் நறுக்குவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். காய் கூடினால் நறுக்கும் வேலையும் கூடும். அதை ஒருவர் தலையிலேயே கட்டினால் அந்தப் பழக்கம் பத்து நாள் தாங்காது. உணவு வரவழைக்கும் செயலிகளின் நோட்டிபிகேஷனையும் இந்த வாரத்தில் அணைத்துவிடுங்கள். பசி எடுத்தால் நாமே தேடிப் போகத் தெரிந்தவர்கள்தான்.

மூன்றாவது வாரம், செயலியைத் திறக்கும் முன் மனத்தில் ஒரு மதிப்புப் போடுங்கள்: இன்றைய புரதம் இவ்வளவு, காய்கறி இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று. பிறகு பதிவு செய்து ஒப்பிடுங்கள். உங்கள் மதிப்பும் செயலியின் எண்ணும் நெருங்கி வரத் தொடங்கினால், அது கற்றுத்தர வேண்டியதைக் கற்றுத்தந்துவிட்டது. சந்தா கட்டியிருந்தால் நிறுத்திவிடுங்கள், செயலியையும் நீக்கிவிடலாம். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று நாள் மட்டும் எழுதிப் பார்த்தால் போதும். எண்ணெய், உப்பு, சர்க்கரைக் கணக்கை மட்டும் மாதந்தோறும் மளிகைச் சீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கைபேசியில் உள்ள கால்குலேட்டரே அதிகம்.

செயலி செய்தவர்கள் நாம் எத்தனை நாள் விடாமல் திறந்தோம் என்பதை வெற்றியாக எண்ணுவார்கள். நம் வெற்றி, அது இல்லாமலே நம் தட்டை நம்மால் படிக்க முடிகிறதா என்பது.